சூசையின் ரெண்டூர் வண்டி

ஐஸ் உடைத்துப் பழகிய கை இது. பேனாவையும் கடப்பாறை மாதிரிதான் பிடிக்கிறது. போன வாரம் நான் அனுப்பிய தாளில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்திருந்ததாம். பத்திரிகை ஆபீசில் இருந்து போன் செய்து சிரித்தார்கள். எங்கே சின்ன ‘ர’ வரும், எங்கே பெரிய ‘ற’ வரும் என்பது எனக்கு இன்னும் தீராத சந்தேகம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் பிழைகளை எல்லாம் உட்கார்ந்து திருத்துகிற அந்தத் தம்பி, இந்த வாரம் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சிநேகிதனைப் பற்றி எழுத ஒரு வருடமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

போன வாரம் ஐஸ் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்ட கதையைச் சொன்னேன். இந்த வாரம் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன். தலை நரைத்த மூன்று பேர் தரையில் உட்கார்ந்து விளையாடியது. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நாங்களும் முதலில் நிறையச் சிரித்தோம்.

வாசலில் நின்றவள்

பாம்பனில் காசிம் பாய் கயிற்றுக் கடை வைத்திருக்கிறார். நைலான் கயிறு, தூண்டில் முள், வலைக்குக் கட்டுகிற மிதவை, ஈயக்குண்டு எல்லாம் கிடைக்கும். கடைக்குப் பின்னால் சரக்குப் போட்டு வைக்கிற அறை ஒன்று உண்டு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. வெயில் நேரத்தில் புதுக் கயிற்றின் வாடை மூக்கில் ஏறும்.

அந்த மத்தியானம் நானும் பாயும் அங்கேதான் இருந்தோம். எங்களுக்கு நடுவில் விளையாட்டுப் பலகை விரித்திருந்தது. யாரோ வருகிற நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் ரோசம்மா.

தலையில் கருவாட்டுக் கூடை. கூந்தலில் ஒரு முழம் பூ. எங்கள் சிநேகிதன் சூசையின் மனைவி. அவள் அந்த வாசலுக்கு வந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது.

நாங்கள் திருடி அகப்பட்டவர்கள் மாதிரி எழுந்து நின்றோம்.

“உக்காருங்கண்ணே. நான் என்ன போலீசா?” என்றாள்.

கூடையை இறக்கி வைத்தாள். பலகையைப் பார்த்தாள். எங்களோடு மூன்றாவதாக ஒரு இடம் இருந்தது. கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டி. அதில் ஆள் இல்லை. ஆனால் அதன் முன்னால் ஒரு தகர மூடி இருந்தது. அந்த மூடி நிறைய விளையாட்டுக் காசு, நோட்டு நோட்டாக அடுக்கியிருந்தது.

“இது யாரு காசு?” என்று கேட்டாள்.

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் வாய் திறந்து பேசுவது குறைவு.

இதை இங்கேயே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அந்தக் காசு என்ன என்று உங்களுக்கும் தெரியாது.

மிக்சிக்குப் பதிலாக

காசிம் பாய் மீசை அரும்பும் வயதில் துபாய் போனவர். ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வீட்டில் சமையல் வேலை. வெள்ளிக்கிழமை தோறும் அந்த வீட்டுக்குச் சிநேகிதர்கள் வருவார்கள். மேசையில் ஒரு பலகையை விரித்து மணிக்கணக்காக விளையாடுவார்கள். சத்தம் போடுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், மறு வாரம் திரும்ப வருவார்கள். பாய் டீ கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார். வருடக்கணக்கில் பார்த்ததில் விளையாட்டு மனசில் ஏறிவிட்டது.

அந்தக் குடும்பம் ஊரைக் காலி செய்து போகும்போது, வேண்டியதை எடுத்துக்கொள் என்றார்களாம். டிரைவர் பிரிட்ஜை எடுத்தார். தோட்டக்காரர் பேன் இரண்டைக் கழற்றினார். பாய் இந்தப் பெட்டியை எடுத்தார்.

ஊருக்கு வந்த அன்று ஜொகரா அக்கா, பாயின் மனைவி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “ஊரே மிக்சி, அயர்ன் பாக்ஸுன்னு தூக்கிட்டு வருது. எங்க வீட்டு மனுசர் தாயக்கட்டப் பெட்டியத் தூக்கிட்டு வந்திருக்காக!”

“தாயக்கட்ட இல்ல புள்ள. இதுல ரயில் கம்பெனி நடத்தலாம்.”

“அப்ப அந்தக் கம்பெனியில சொல்லி ஒரு மிக்சி வாங்கியாங்க.”

பெட்டி பரணில் ஏறியது. கூட விளையாட ஆள் கிடைக்காமல் பல வருடம் அங்கேயே கிடந்தது.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வருடமும் மீன்பிடித் தடைக்காலம் வரும். சித்திரையில் தொடங்கும். விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும். படகு போகாவிட்டால் ஐஸ் வேண்டாம். ஐஸ் கம்பெனி மூடினால் எனக்கு வேலை இல்லை. விசைப்படகில் போகிற சூசைக்கும் வேலை இல்லை.

சூசை என் சிநேகிதன். அவன் படகுக்கு ஐஸ் நிரப்பப் போனதில் பழக்கம். நான் பேசாமல் விட்டதையும் சேர்த்து அவனே பேசிவிடுவான். என்னை ஐஸு என்றுதான் கூப்பிடுவான். என் சொந்தப் பேர் அவனுக்கு ஞாபகம் இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் பாய் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

“எங்களை ஏன் பாய் கூப்பிட்டீக?” என்று சூசை கேட்டான்.

“அவன் வாயத் தெறக்க மாட்டான். நீ மூட மாட்ட. ரெண்டையும் சேத்தா ஒரு ஆளு தேறும்னு பாத்தேன்” என்றார்.

கடலாடிக்கு ரயில்

பலகை முழுக்கத் தேன்கூடு மாதிரி அறைகள். சில அறைகளில் ஊர்கள். தண்டவாளம் வரைந்த அட்டைத் துண்டுகளை அறையில் வைத்து வைத்து ஊருக்கு ஊர் இணைக்க வேண்டும். பிறகு வண்டி வாங்கி அதில் ஓட்ட வேண்டும். ஓடி வருகிற காசைக் கம்பெனியில் பங்கு வைத்திருக்கிற எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் கம்பெனியில் மற்றவரும் பங்கு வாங்கலாம், விற்கலாம். எவனிடம் பங்கு அதிகமோ அவன் அந்தக் கம்பெனிக்குத் தலைவன்.

பாய் இதைச் சொல்லி முடிப்பதற்குள் சூசை தொடையில் தட்டினான்.

“படகுதான் பாய் இது! வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. தலைவன்னு எதுக்குச் சொல்றீக? சம்மாட்டின்னு சொல்லுங்க.”

எங்கள் பக்கத்தில் படகு முதலாளியைச் சம்மாட்டி என்பார்கள். அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேரும் சம்மாட்டி ஆகிவிட்டோம். எனக்கு நீலக் கம்பெனி. பாய்க்கு மஞ்சள். சூசைக்குப் பச்சை.

பலகையில் இருந்த ஊர்ப் பேர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வெட்டி ஒட்டி, மேலே எங்கள் ஊர்ப் பேர்களை எழுதினோம். ராமநாதபுரம், திருவாடானை, அபிராமம். நான் கேட்டு வாங்கிக்கொண்டது கடலாடி. என் சொந்த ஊர் அதற்குப் பக்கத்தில்.

“கடலாடிக்கு ரயிலா? அங்கன யாருல ஏறுவா, கருவேல முள்ளா?” என்றான் சூசை.

எங்கள் அய்யா அந்த முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர். ஒரு வருடம் மழை அறவே பொய்த்தது. பிழைப்புத் தேடி என்னையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் வரை நடந்தும் வண்டியிலும் வந்து, அங்கே ரயில் ஏறினார். எனக்கு அதுதான் முதல் ரயில். பாம்பன் பாலத்தில் வண்டி ஆளை விட மெதுவாகப் போனது. கீழே பார்த்தால் தண்ணீர் மட்டும். சக்கரத்தின் சத்தமே மாறிவிட்டது. அய்யா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். இறங்கிய பிறகு, “பாலம் வந்துருச்சா?” என்று கேட்டார். நான் கண்ணை மூடவே இல்லை.

நாங்கள் விளையாடிய வருடத்தில் அந்தப் பழைய பாலத்தில் ரயில் நின்றுபோயிருந்தது. பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும். தீவுக்குள் வருகிறவர்கள் பஸ்ஸில்தான் வர வேண்டும்.

சூசை யோசித்துவிட்டுப் பலகையின் ஓரத்தில் இருந்த இரண்டு அறைகளில் மண்டபம், பாம்பன் என்று எழுதச் சொன்னான். நடுவில் நீலமாக ஒரு அறை. கடல். அதன் மேல் தண்டவாளத் துண்டை வைத்துத் தன் சின்ன வண்டியை ஓட்டினான்.

“நெசத்துல ஓடல. நம்மளாச்சும் ஓட்டுவோம்.”

வண்டி என்பது ஒரு அட்டைதான். எத்தனை ஊர் தொடும் என்று அதில் எண் போட்டிருக்கும். மிகவும் மலிவானது இரண்டு ஊர் தொடுவது. நாங்கள் அதை ரெண்டூர் வண்டி என்போம். அப்புறம் மூணூர் வண்டி, நாலூர் வண்டி என்று விலை ஏறிக்கொண்டே போகும். சூசையிடம் கடைசிவரை இருந்தது அந்த ஒரே ஒரு ரெண்டூர் வண்டி. பெரிய வண்டி வாங்க மாட்டான். வருகிறதை உடனே பங்கு பிரித்துவிடுவான்.

மீன் பெட்டி தூக்கிய கையோடு வந்து உட்காருவான். அதனால் அவன் வண்டி அட்டையில் ஒரு செதில் ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. வெளிச்சம் பட்டால் மின்னும். நான் நகத்தால் சுரண்டப் போனால் கையைத் தட்டிவிடுவான். “ஏலே ஐஸு, அது என் வண்டி விளக்குல. கைய எடு.”

இந்த விளையாட்டில் தாயக்கட்டை கிடையாது. அதிர்ஷ்டமே கிடையாது. அது அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

“கடல்ல எல்லாமே காத்து பண்ணுற வேல. இங்கன காத்தே இல்ல பாத்தியா. நம்ம என்ன செய்றோமோ அம்புட்டுதான்” என்று அடிக்கடி சொல்வான்.

பொழுது சாய்கிற நேரத்தில் ரோசம்மா வாசலில் வந்து நிற்பாள். “என்ன சம்மாட்டிமாரே, இன்னைக்கு ரயிலு எங்கன கவுந்துச்சு? வீட்டுக்கு வாற வழி தெரியுமா, டிக்கெட்டு எடுத்துத் தரணுமா?” என்பாள். சூசை எழுந்திருக்க மாட்டான். அவள் திட்டிக்கொண்டே, வாசல் சட்டத்தில் சாய்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள், “அந்த மஞ்சப் பங்க வித்துப்போடுங்க, பாய்ண்ணே ஏமாத்துறாக” என்று குரல் வரும். பெரும்பாலும் அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

படகில் உள்ள சட்டம்

இந்த விளையாட்டில் ஒரு பொல்லாத சட்டம் இருக்கிறது. யாராவது முதல் நாலூர் வண்டியை வாங்கிவிட்டால், அந்த நிமிடமே ரெண்டூர் வண்டிகள் எல்லாம் பழைய இரும்பு. யாரிடம் இருந்தாலும் எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். துபாயில் அவர்கள் சண்டை போட்டுக்கொண்டதே இதற்காகத்தான் என்பார் பாய்.

ஆரம்பத்தில் ஒரு ஆட்டத்தின்போது பாய்க்குக் காய்ச்சல். வர முடியவில்லை. அவருக்காக நாங்களே ஓட்டிக்கொண்டிருந்தோம். என்னிடம் காசு சேர்ந்திருந்தது. நாலூர் வண்டியை எடுக்கக் கை நீட்டினேன். சூசை என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“என்னல செய்ற? மனுசன் படுத்துக் கெடக்காரு. ஆளு இல்லாதப்ப அவர் வண்டிய அழிப்பியா?”

“சட்டம் அப்படித்தானே.”

“எந்த ஊர்ச் சட்டம்? எங்க படகுல ஒருத்தன் நோவுல படுத்துட்டா அவன் பங்க எடுத்து வச்சிருவோம். அவன் எடத்துல கை வைக்க மாட்டோம். வந்து நிக்கட்டும், அப்புறம் சண்டை போட்டுக்கிருவோம்.”

காய்ச்சல் தெளிந்து வந்த பாயிடம் சொன்னோம். “இது யாவாரம்டா. யாவாரத்துல இப்படி ஒரு சட்டத்த எவனும் கேள்விப்பட்டிருக்க மாட்டான்” என்று சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பலகையில் அது சட்டமாகிவிட்டது. ஆள் இல்லாத நேரத்தில் அவன் பங்கை எடுத்து வைக்க வேண்டும். அவன் வண்டியை அழிக்கக் கூடாது.

தடைக்காலம் முடிகிற கடைசி நாளிலும் ஒரு ஆட்டம் பாதியில் இருந்தது. மூணூர் வண்டிகள் தீர்ந்துபோயின. அடுத்து யார் வாங்கினாலும் நாலூர் வண்டிதான். சூசையின் ரெண்டூர் வண்டிக்கு ஆயுசு முடிகிற நேரம். அவனுக்கும் அது தெரியும்.

எழுந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டான். “வந்து முடிப்போம். நான் வாறதுக்குள்ள எவனாச்சும் நாலூர் வண்டி வாங்கினீகன்னா, பாய்னும் பாக்க மாட்டேன், ஐஸுன்னும் பாக்க மாட்டேன்.”

வாசலில் இருந்து திரும்பி ஒரு தடவை பலகையைப் பார்த்தான். அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அடியில்

தடை முடிந்த முதல் வாரம் அது. மேற்கில் இருந்து அடிக்கிற கச்சான் காற்று எழும்பியிருந்தது. வலை இழுக்கும்போது கயிறு தெறித்து அடித்ததாம். பின்பக்கம் நின்ற சூசையைக் காணோம். படகைத் திருப்பி வட்டம் வட்டமாகத் தேடினார்கள். மறுநாளில் இருந்து மற்றப் படகுகளும் தேடின. உடலும் கிடைக்கவில்லை.

எங்கள் கடலில் காணாமல் போனவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். எதிரே அடுத்த நாட்டுக் கரையில் ஒதுங்கியவர்கள் உண்டு. ஏதோ ஒரு கப்பல் தூக்கிக் காப்பாற்றியவர்கள் உண்டு. அங்கே சிறையில் இருந்துவிட்டுத் தாடியோடு வந்து இறங்கியவர்கள் உண்டு. அதனால் இங்கே ஒரு பெண் காத்திருந்தால் அவளை யாரும் பைத்தியம் என்று சொல்ல முடியாது.

ரோசம்மா காத்திருந்தாள். பூ வைப்பதை விடவில்லை. சூசையின் அண்ணன், கோயிலில் ஆத்துமப் பூசை வைத்துவிடலாம் என்று வந்து வந்து சொன்னார். சர்ச் சாமியார் செத்தவர்களுக்கு வைக்கிற பூசை அது.

“உசுரோட இருக்கவுகளுக்கு எந்தச் சாமியாரு ஆத்துமப் பூசை வைப்பாரு?” என்று கேட்டிருக்கிறாள்.

அவள் அப்படிப் பேசுவதற்கு ஒரு பிடிமானம் இருந்தது. படகுக்காரர்கள் ஒவ்வொரு தடவை கரைக்கு வரும்போதும் சூசையின் பங்கை எடுத்து வைத்து அவளிடம் கொடுத்தார்கள். “பங்கு வருதுல்ல. அப்ப அவுக இன்னும் படகுலதான இருக்காக” என்பாள்.

தை மாதம் கழிந்து அந்தப் படகில் புது ஆள் ஏறினான். ஒரு ஆள் குறைச்சலாக எத்தனை நாள்தான் வலை இழுப்பார்கள்? புது ஆளுக்குப் பங்கு கொடுத்தாக வேண்டும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. படகுச் சம்மாட்டி அவள் வீட்டுக்கு வந்து நின்று, சொல்ல முடியாமல் சொல்லிவிட்டுப் போனார். அவள் அழவில்லையாம். கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாளாம்.

இந்தப் பக்கம், பாய் எங்கேயோ ஒரு பழைய ஜன்னல் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து பலகையின் மேல் மூடி வைத்திருந்தார். காற்றடித்தோ பல்லி ஓடியோ கலைந்துவிடக் கூடாது என்று. நான் போகும்போதெல்லாம் கண்ணாடியைத் துடைப்பேன். உள்ளே மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் தண்டவாளம் அப்படியே இருக்கும்.

அடுத்த தடைக்காலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் புதுப் பாலம் திறந்தார்கள். முதல் வண்டி வந்தபோது பாம்பன் ஜனமே கரையில் நின்றது. கூட்டத்தில் நானும் நின்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு கையை என்ன செய்வது என்று தெரியாமல் இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டேன்.

தடை தொடங்கியது. ஐஸ் கம்பெனியை மூடினார்கள். ஒரு மத்தியானம் பாய், “தம்பி, சும்மாதான இருக்கோம்” என்று சொல்லிக் கண்ணாடியைத் தூக்கினார்.

உட்கார்ந்தோம். நான் என் வண்டியை ஓட்டினேன். பாய் தன் வண்டியை ஓட்டினார். சூசைக்காக நாங்களே அவன் ரெண்டூர் வண்டியை மண்டபத்தில் இருந்து பாம்பனுக்கு ஓட்டினோம். பங்கு பிரித்தோம். அவன் பங்கைத் தகர மூடியில் எடுத்து வைத்தோம்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

“நாலூர் வண்டி வாங்கலியா பாய்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“காசு பத்தாது தம்பி” என்றார். அவர் முன்னால் காசு குவிந்து கிடந்தது. “நீ?”

“எனக்கும் பத்தாது” என்றேன். எனக்கு முன்னாலும் அப்படித்தான் கிடந்தது.

பெட்டியில் காசு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது என்பது இன்னொரு சட்டம். காசு தீரப்போகிற நேரத்தில், பாய் கடையில் கிழித்துப் போட்ட நாள்காட்டித் தாள்களைச் சேர்த்து நோட்டு நோட்டாக வெட்டினேன். பாய் பார்த்தார். கத்தரிக்கோலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

உங்க முறை

அப்படி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் ரோசம்மா வந்து நின்றது.

“இது யாரு காசுண்ணே?” என்று மறுபடியும் கேட்டாள்.

“சூசை பங்கும்மா” என்றார் பாய்.

அவள் மெல்ல வந்து மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். சூசை போன பிறகு அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. நோட்டுகளை எடுத்துப் பார்த்தாள். நாள்காட்டித் தாளில் வெட்டியதையும் பார்த்தாள். ஒன்றில் பாதி நல்ல நேரம் அச்சாகியிருந்தது.

“நான் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். ஊரு பூராம் ஒண்ணு சொல்லுது. அவுக கூடவே கெடந்தவுக நீங்க ரெண்டு பேரும். நீங்க என்ன நெனைக்கிறீக?”

பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்மா.”

“அவருக்குத் தெரியும். உங்களத்தான கேக்குறேன்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் பலகையையே பார்த்தேன். அவளும் அங்கே பார்த்தாள். அடுக்கில் மேலாக இருந்த நாலூர் வண்டியைப் பார்த்தாள். என் காசைப் பார்த்தாள், பாயின் காசைப் பார்த்தாள். பிறகு சூசையின் ரெண்டூர் வண்டியைப் பார்த்தாள்.

வாசலில் நின்றே ஆட்டத்தைப் படித்தவள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“இம்புட்டுக் காச வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஏன் வாங்கல?”

பாய் மடியில் இருந்த தொப்பியைத் தடவினார்.

“அவுக வண்டி அழிஞ்சுரும்னா?”

பாயின் கண் நிறைந்துவிட்டது. “படகுல உள்ள சட்டம்னு அவன்தாம்மா சொன்னான்.”

“படகுலயே புது ஆளு ஏத்திட்டாகண்ணே.”

குரலில் கோபம் இல்லை. எதிர்வீட்டுச் சமாசாரம் சொல்வது மாதிரி சொன்னாள். மேலே ஓடு வெயிலில் சடசடத்தது.

“ரெண்டு மாசமா சுத்திச் சுத்தி இதே ரெண்டு ஊருதானா? நானும் வீட்டுல இதத்தான செஞ்சுக்கிட்டுக் கெடக்கேன்” என்றாள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இப்ப யாரு முறை?”

“சூசை முறை” என்றேன். அன்று நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“அவுகளுக்கு அப்புறம் பச்சைக்கு நான்தான சம்மாட்டி?”

“ஆமாம்மா.”

காசைத் தகர மூடியோடு எடுத்து அப்படியே பெட்டிப் பக்கம் தள்ளினாள். “எடுத்துக்கங்க. நாலூர் வண்டியக் குடுங்க.”

“தங்கச்சி, வேணாம்மா. அத வாங்கினா அவன் வண்டி…”

“தெரியும் பாய்ண்ணே. நான்தான வாங்குறேன். நீங்க யாரும் அழிக்கல.”

பாய் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது எதுவரைக்கும் போகும்?”

நான் விரலால் காட்டினேன். பாம்பன், மண்டபம், ராமநாதபுரம். அங்கேயிருந்து என் நீலத் தண்டவாளத்தில் ஏறிக் கடலாடி.

“அம்புட்டுத் தூரமா? அவுக ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு வரவே மூக்கால அழுவாக” என்றாள்.

சூசையின் ரெண்டூர் வண்டியைக் கையில் எடுத்தாள். செதில் மின்னியது. பெருவிரலால் அதைத் தடவினாள், சுரண்டவில்லை.

“அழிஞ்ச வண்டிய எங்கன வைப்பீக?”

பெட்டியைக் காட்டினேன். வழக்கமாக அதை எடுத்துப் போடுகிறவன் நான்தான். அவள் என்னிடம் தரவில்லை. தானே பெட்டிக்குள் வைத்தாள். குழந்தையைப் படுக்க வைப்பது மாதிரி கையை அடியில் கொடுத்து வைத்துவிட்டுக் கையை உருவிக்கொண்டாள். மூடியைச் சாத்தினாள்.

எழுந்து கூடையைத் தூக்கினாள். நான் ஒரு கை கொடுத்துத் தலையில் ஏற்றிவிட்டேன். கருவாட்டு வாடையும் மல்லிகை வாடையும் சேர்ந்து அடித்தன.

“இப்படியே சாமியார்ட்டப் போயிப் பூசைக்குச் சொல்லிட்டு வாரேன். ஞாயித்துக்கெழமை வைக்கச் சொல்றேன். பாய்ண்ணே, நீங்களும் வாங்க.”

“வராம இருப்பனாம்மா” என்றார் பாய்.

வாசல் வரை போனவள் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். சூசை நின்று பார்த்த அதே இடம்தான்.

“ஏன்ணே சும்மா உக்காந்திருக்கீக? நான் வாங்கிட்டேன்ல. உங்க முறை.”

ஞாயிற்றுக்கிழமை அவள் பூ வைக்காமல் வந்திருந்தாள். நானும் பாயும் கடைசி வரிசையில் நின்றோம். சாமியார் சூசையின் முழுப் பேரைச் சொன்னபோது, அது யார் என்று ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை.

இதை எழுதி முடித்தது ஆனி மாதம் ஒன்றாம் தேதி. தடை முடிந்து இன்று காலையில்தான் படகுகள் கடலுக்குப் போயின. ஐஸ் ஏற்றிவிட்டு வந்து எழுதினேன். கை இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது.